ஒரு சிரட்டைப் புளித்த மாவும் சொத்துத்தான்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தாம் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது காணி, வீடு, கிணறு, மாடு, நீரிறைக்கும் இயந்திரம், விதைநெல் என்று பட்டியல் நீண்டு செல்கிறது. நட்டஈட்டுப் படிவங்களிலும் இவற்றுக்கே இடமுண்டு. எந்தப் படிவத்திலும் எழுதப்படாத இன்னொரு சொத்தும் எமது அடுக்களைகளிலிருந்து போய்விட்டது. விடியற்காலையில் வளவுப் பனையிலிருந்து இறங்கிய முட்டியில் இருந்து ஒரு சிரட்டை கள்ளு வாங்கி, அப்பமாவில் விட்டுப் பொங்க வைக்கும் வசதியே அது. 1990, 1995, 2006, 2009 என்று ஆண்டுகளைச் சொன்னாலே எந்த ஊரார் எப்போது எழும்பினர் என்பது எமது வாசகர்களுக்கு விளங்கும். எழும்பிய ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரட்டையும் பின்னே விடப்பட்டது.

இன்று பல வீடுகளில் அப்பத்துக்குக் கடை ஈஸ்ற் போடுகிறார்கள். சிலர் அப்பச்சோடாவுடன் சமாளிக்கிறார்கள். இன்னும் சிலர் அப்பம் சுடுவதையே விட்டுவிட்டார்கள். இதைப் பெரிய விடயமாக எடுத்து எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுத வேண்டும் என்பதே எமது கருத்து. கையில் காசில்லாத குடும்பத்துக்குக் காசில்லாமல் கிடைக்கக்கூடிய ஒன்றைத் தெரியாமல் விட்டுவிடுவது நட்டமாகும். அதே பொருள் தவறான வழியில் போனால் குடும்பத்தையே அழிக்கவும் கூடும். ஆகவே அதனைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுவது அவசியமாகிறது.

மதுவம் என்பது என்ன?

பாடசாலைப் புத்தகத்தில் மதுவம் என்றும், கடையில் ஈஸ்ற் என்றும் சொல்லப்படுவது ஒரே பொருள்தான். அது கண்ணுக்குத் தெரியாத, ஒரேயொரு கலத்தைக் கொண்ட பங்கசு இனம். காளானுக்கு அது தூரத்துச் சொந்தம். சீனித்தன்மையுள்ள ஈரப்பொருளில் விழுந்தால் அச்சீனியை உண்டு, காபனீரொட்சைட்டு வாயுவையும் மதுசாரத்தையும் வெளியே விடும். வாயு மாவைப் பொங்க வைக்கிறது. மதுசாரம் கள்ளைக் கள்ளாக்குகிறது. அப்பமும் கள்ளும் ஒரே வேலையின் இரண்டு பயன்கள்.

இந்த வேலையைச் செய்வது உயிருள்ள பொருள்தான் என்பதைப் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்ரர் 1857 ஆம் ஆண்டு தொடக்கம் செய்த ஆய்வுகள் மூலம் உறுதிப்படுத்தினார். 1883 இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் மதுச்சாலை ஆய்வுகூடத்தில் எமில் கிறிஸ்ரியன் ஹன்சன் என்பவர் ஒரேயொரு மதுவக் கலத்தைத் தனியாகப் பிரித்து, அதிலிருந்து தூய வளர்ப்பைப் பெருக்கிக் காட்டினார். இன்று பொதிகளில் வரும் ஈஸ்ற் அந்த முறையின் பிள்ளை. அதற்கு முன்னர் பல ஆயிரம் ஆண்டுகளாக உலகின் பல சமூகங்கள் பாணையும் மதுவையும் காட்டு மதுவத்தைக் கொண்டே செய்தன. போத்துக்கேயர் கோவாவுக்குப் பாண் செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்தபோது, மாவைப் புளிக்க வைக்க அவ்வூர்த் தென்னங்கள்ளே கைகொடுத்தது. பாண் என்ற சொல்லை எமக்குத் தந்தவர்களும் அவர்களே.

காட்டு மதுவம் எங்கே இருக்கிறது? காற்றில் மிதந்து வந்து பாத்திரத்தில் விழுகிறது என்பது பலரது எண்ணம். அப்படி வருவது சொற்பமே. பழத்தோல், பூந்தேன், மரப்பால், தானியத்தின் உமிப்பக்கம் ஆகியவற்றில் அது ஒட்டியிருக்கிறது. வெடித்த பழத்தை மொய்க்கும் பழ ஈக்களும் குளவிகளும் அதனை இடத்துக்கு இடம் காவுகின்றன. குளவியின் குடலில் மதுவம் குளிர்காலம் முழுவதும் உயிரோடு தங்கி, அடுத்த தலைமுறைக் குளவிகளுக்கும் செல்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2012 இல் எடுத்துக்காட்டினர். ஆகவே எந்த ஊருக்கு நாம் போனாலும் பழமும் பூவும் பூச்சியும் உள்ள இடமெல்லாம் மதுவம் இருக்கிறது. காணி உறுதி கேட்காத சொத்து இது.

முட்டியில் நடப்பது

பனம்பாளையிலிருந்து வடியும் சாற்றில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ சீனி இருக்கும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் அது காரத்தன்மையைக் கூட்டி மதுவத்தைப் பெருகவிடாது தடுக்கிறது. அப்போது கிடைப்பது இனிப்பான கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பாணியும் பனங்கட்டியும் வரும். சுண்ணாம்பு பூசாத முட்டியில் சாறு வடியும்போதே புளிக்கத் தொடங்குகிறது. முந்தைய நாளின் முட்டியில், பாளையில், கத்தியில் தங்கியிருக்கும் மதுவமே அடுத்த நாள் சாற்றையும் புளிக்க வைக்கிறது. மேலைநாட்டு ஆய்வுகூடம் கண்ணாடிக் குழாயில் செய்வதை, எமது சீவல் தொழிலாளர் பனை உச்சியில் மண்முட்டியில் செய்து வந்தனர்.

எந்த முட்டிக்குச் சுண்ணாம்பு, எதற்கு வேண்டாம், எப்போது கழுவ வேண்டும், எப்போது அடிமண்டியைக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் படித்து வந்த அறிவல்ல. தகப்பனிடமிருந்து மகன் கற்ற அறிவு. கள்ளு விட்ட அப்பத்தை விரும்பிச் சாப்பிட்ட எமது சமூகம், அந்தக் கள்ளை இறக்கியவருக்குத் தேநீரைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த காலமும் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் ஆலயப் பிரவேசத்துக்கும் போராட வேண்டியிருந்தது. இடப்பெயர்வு எல்லோரையும் ஒரே கூரையின் கீழ், ஒரே வரிசையில் நிறுத்தியது. அந்த வரிசையில் நின்றபோது படித்த பாடத்தை ஊர் திரும்பியதும் மறந்துவிடக் கூடாது. சீவல் தொழிலாளரின் அறிவை மதிக்காமல் பனை வளம், பாரம்பரிய உணவு என்று பேசுவதில் பொருளில்லை.

அந்த அறிவுக்கு ஆதாரமாக நின்ற பனைகளும் குறைந்துவிட்டன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகத் தறிக்கப்பட்டவை பல. ஷெல் விழுந்து தலையிழந்து நிற்பவை சில. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைக்கப்பட்டது. அதன் முயற்சியாலும் ஊர்ச் சங்கங்களின் முயற்சியாலும் விதைகள் நடப்பட்டாலும், நட்ட பனை பாளை தள்ளப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். அதுவரை அடுக்களை காத்திருக்க முடியாது. கள்ளுத் தவறணைக்குப் பெண்களும் பிள்ளைகளும் பாத்திரத்தோடு போய் நிற்பதை நாம் விரும்பவும் மாட்டோம். வீட்டிலேயே மதுவத்தைப் பிடித்து வளர்ப்பதே இதற்கு வழி.

பிடித்து வளர்ப்பது எப்படி?

மூன்று வழிகளைச் சொல்கிறோம். மூன்றுக்கும் பொதுவான விதிகள் சில உண்டு. பாத்திரம் கண்ணாடி அல்லது மண்ணால் ஆனதாக இருக்கட்டும். அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்பு அரிக்கும். பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவி ஆறவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து நன்றாக ஆறவிட்டுப் பாவியுங்கள். கிணற்றுக்குக் குளோரின் இட்டிருந்தால் அது மதுவத்தைக் கெடுக்கும். கொதிக்க வைத்தால் அந்தக் குளோரின் பெரும்பாலும் போய்விடும். வாயைத் துணியால் கட்டுங்கள், இறுக மூடாதீர்கள். உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் போத்தல் வெடித்துக் கண்ணைக் காயப்படுத்தும்.

முதலாவது, மாவு வழி. ஒரு பிடி குரக்கன் மாவையோ தவிடு போகாத அரிசிமாவையோ அதே அளவு தண்ணீரில் தோசைமாப் பதத்துக்குக் கரைத்து நிழலில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் பாதியை எடுத்து மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிட்டு, எடுத்த அளவுக்குப் புது மாவும் தண்ணீரும் சேருங்கள். இரண்டாம் நாளிலேயே சிலவேளை நன்றாக நுரைத்துப் பொங்கும், ஒரு கெட்ட மணமும் வரும். அதைப் பார்த்து மதுவம் வந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அது முதலில் ஓடிவரும் பற்றீரியாக்களின் வேலை. இரண்டொரு நாளில் பொங்குதல் நின்றுபோகும். கெட்டுவிட்டது என்று பலர் கொட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கொட்டாமல் தொடர்ந்து மாவூட்டினால் புளிப்பு ஏறும். புளிப்பைத் தாங்காத கிருமிகள் ஒதுங்கும். அதைத் தாங்கக்கூடிய மதுவம் அதன் பின்னர் தலையெடுக்கும். ஐந்து தொடக்கம் ஏழு நாட்களில், சில சமயம் பத்து நாட்களில், பழமும் மோரும் கலந்த மணத்தோடு மா ஒழுங்காகப் பொங்கத் தொடங்கும். மாவூட்டிய சில மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காக எழும்பினால் அது வேலைக்குத் தயார்.

இரண்டாவது, பழ வழி. யாழ்ப்பாணத்து முந்திரிகைப்பழம் கிடைத்தால் நல்லது. இல்லையேல் மருந்து அடிக்காத வேறெந்த இனிப்புப் பழமும் ஆகும். முந்திரிகைத் தோலில் காணும் வெண்பூச்சை மதுவம் என்று சிலர் சொல்வர். அது மெழுகு. மதுவம் அதன்மேல் ஒட்டியிருக்கும். நன்கு கனிந்து தோல் வெடித்த பழத்தில் அது அதிகம். ஒரு பிடி பழத்தைக் கழுவாமல் நசித்து, ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு தேக்கரண்டி சீனியும் சேர்த்துத் துணியால் கட்டி வையுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை கலக்குங்கள். மூன்று தொடக்கம் ஐந்து நாட்களில் குமிழிகள் எழும். அப்போது வடித்து அந்த நீரால் மாவைக் கரைத்தால் அதுவே புளித்த மாவுக்குத் தொடக்கமாகும்.

மூன்றாவது, இஞ்சி வழி. தோல் சீவாத இஞ்சி ஒரு விரலளவு துருவி, ஒரு மேசைக்கரண்டி சீனியுடன் ஒரு தம்ளர் தண்ணீரில் போடுங்கள். தினமும் ஒரு தேக்கரண்டி இஞ்சியும் ஒரு தேக்கரண்டி சீனியும் சேர்த்து வாருங்கள். ஏறத்தாழ ஒரு கிழமையில் அது சீறும். மதுவம் இருப்பது இஞ்சியின் தோலில். ஆகவே தோலைச் சீவினால் முயற்சி வீணாகும்.

எதில் செய்தாலும் மூக்கையும் கண்ணையும் நம்புங்கள். புளிப்பும் பழவாசமும் நல்ல அடையாளம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் நிறத்தில் பூஞ்சணம் கண்டால் மேலாக வழித்துவிட்டுப் பாவிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். முழுவதையும் புதைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். நட்டம் ஒரு பிடி மாவுதான்.

அப்பத்துக்கு இரண்டு சுண்டு பச்சையரிசியை ஊறவைத்து இடித்து அரித்துக்கொள்ளுங்கள். அரித்து மிஞ்சிய கப்பியைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிட்டு மாவுடன் சேர்த்துக் குழையுங்கள். கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின்னரே அரைச் சிரட்டை புளித்த மாவைச் சேர்க்க வேண்டும். சுடுகஞ்சியில் விட்டால் மதுவம் செத்துவிடும். இரவு முழுவதும் பொங்க வைத்து, காலையில் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்துச் சுடலாம். உப்பை முதல்நாள் இரவே போட்டால் மதுவத்தின் வேகம் குறையும். கடை ஈஸ்ற் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மாவைப் பொங்க வைக்கும். காட்டு மதுவம் ஓரிரவு கேட்கும். அந்த இரவில் மாவில் ஏறும் புளிப்பே அப்பத்தின் சுவை.

பாதுகாத்துக் கொண்டுபோவது

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டிலும் இதைப் பேணலாம். ஒவ்வொரு தடவையும் உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்க்க முன்னர் ஒரு சிரட்டை மாவை எடுத்து வைத்து, தினமும் அல்லது ஒன்றைவிட்டொரு நாள் மாவூட்டினால் போதும். சில காலம் சுட முடியாது என்றால், புளித்த மாவைச் சுத்தமான துணியிலோ தட்டிலோ மெல்லியதாகப் பரவி நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயில் வேண்டாம். முறுகக் காய்ந்ததும் நொறுக்கி ஈரமில்லாத போத்தலில் போட்டு வையுங்கள். மதுவம் அதில் உறங்கியிருக்கும். பின்னர் இளஞ்சூட்டு நீரில் கரைத்து இரண்டு மூன்று நாட்கள் மாவூட்டினால் எழும்பிவிடும். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போகக்கூடிய சொத்து இது. இனி ஒருவரும் அப்படிப் போக நேரக்கூடாது என்பதே எமது விருப்பம். ஆனால் மணமாகிப் போகும் மகளுக்கும், மீளக்குடியமரப் போகும் அயல்வீட்டாருக்கும் ஒரு பிடி கொடுத்துவிடலாம் அல்லவா?

இது மது வடிப்பதற்கு வழிகாட்டுவதாகாதா?

இந்தக் கேள்வியை எமது வாசகர்களில் பலர், சிறப்பாகத் தாய்மார், கேட்பார்கள் என்பதை அறிவோம். நியாயமான கேள்வி. மறைக்காமல் பதில் சொல்வோம்.

பாணைப் பொங்க வைக்கும் மதுவமே கசிப்புக் கோடாவையும் பொங்க வைக்கிறது. நலன்புரி நிலையங்களிலும், மீளக்குடியமர்ந்த கிராமங்களிலும் கசிப்பு எவ்வாறு நுழைந்தது என்பதை இங்கே விவரிக்கத் தேவையில்லை. மண்வெட்டி பிடித்த கைகளுக்கு வேலையில்லாது போனது. காணி முட்கம்பிக்கு அப்பால் கிடந்தது. அந்த வெறுமையில் கசிப்பு விற்றவன் காசு பார்த்தான். அடி வாங்கியவர்கள் பெண்களும் பிள்ளைகளும். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இன்றி மது தயாரிப்பது குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, கசிப்பில் என்னென்ன சேர்க்கப்படுகிறது, எந்தத் தகரத்தில் வடிக்கப்படுகிறது என்பது குடிப்பவருக்குத் தெரியாது. ஆகவே குடிப்பதற்கென்று வீட்டில் மதுவைப் புளிக்க வைப்பதையோ வடிப்பதையோ நாம் எந்த வகையிலும் ஆதரிக்கவில்லை.

ஆனால், தீங்கு வருமென்று பயந்து மதுவத்தைப் பற்றிய அறிவையே பூட்டி வைப்பதால் யாருக்கு இலாபம்? கசிப்புக் காய்ச்சுபவனுக்கு அந்த அறிவு ஏற்கெனவே உண்டு. அவன் கடையில் ஈஸ்ற் வாங்குகிறான், சீனி வாங்குகிறான். அறிவில்லாமல் நிற்பது அப்பம் சுட்டு விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்க நினைக்கும் தாய்தான். கத்தி குற்றம் செய்யும் என்று அடுக்களையில் கத்தியைப் பறிக்கிறோமா?

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். அப்பமாவில் உண்டாகும் சிறிதளவு மதுசாரம் சட்டியின் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடும். இஞ்சிப் பானம் அப்படியல்ல. சீனி சேர்த்துப் பல நாட்கள் வைத்தால் அதில் மதுசாரம் ஏறும். ஆகவே இஞ்சியில் பிடித்த மதுவத்தை மாவுக்கே பாவியுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நோயாளிகளுக்கும் புளித்த பானம் எதையும் கொடுக்க வேண்டாம். வீட்டில் குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர் இருந்தால், அந்த வீட்டுக்கு உலர் புளித்த மாவே நல்லது.

வினாகிரியும் சட்டமும்

மதுவத்தின் வேலை முடிந்த இடத்தில் இன்னொரு கிருமியின் வேலை தொடங்குகிறது. மதுசாரம் உள்ள நீரைக் காற்றுப்படத் திறந்து வைத்தால் அசற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் அதைப் புளிப்பாக்கும். கள்ளு வினாகிரி இப்படித்தான் உண்டாகிறது. தேங்காய் உடைக்கும்போது நிலத்தில் கொட்டும் தேங்காய்த்தண்ணீரிலும் இதைச் செய்யலாம். அதில் இயற்கையாக உள்ள சீனி சொற்பம் என்பதால் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 100 கிராம் சீனி சேர்க்க வேண்டும். ஏறத்தாழ ஒரு கிழமை புளிக்க வைத்து, தெளிந்த நீரை வாயகன்ற மண் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் மாற்றி, நாலிலொரு பங்கு நல்ல கள்ளு வினாகிரியைக் கலந்து, துணியால் கட்டி ஒன்றிரண்டு மாதம் வைத்தால் வினாகிரியாகும். கடைகளில் மலிவாக விற்கும் செயற்கை வினாகிரி, அசற்றிக்கமிலத்தை நீரில் கரைத்தது. சுவையில் இரண்டுக்கும் தூரம் அதிகம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வினாகிரியாகும் முன்னர் அந்த நீர் சில நாட்களுக்கு மதுசாரம் உள்ள நீராகவே நிற்கிறது. அந்த நேரத்தில் பார்ப்பவருக்கு அது வீட்டில் புளிக்க வைத்த மதுவேயாகும். ஆகவே இதில் இறங்க விரும்புபவர்கள், முக்கியமாக விற்பனை செய்ய எண்ணுபவர்கள், முதலில் பிரதேச செயலகத்திலும் மதுவரி அலுவலரிடமும் கேட்டு, பொதுச் சுகாதார பரிசோதகரின் ஆலோசனையையும் பெற்றுச் செய்ய வேண்டும். தனித்தனியே போவதிலும் பார்க்கச் சங்கமாகப் போவது நல்லது.

அதேவேளை அதிகாரிகளிடம் எமக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு கைம்பெண் பத்துப் போத்தல் வினாகிரி செய்து சந்தையில் விற்க விரும்பினால், அவர் ஏறி இறங்க வேண்டிய படிகள் குறைவாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். எந்தப் படிவம், எந்த அலுவலகம், எவ்வளவு கட்டணம் என்பது தமிழில் எழுதி அறிவித்தற் பலகையில் தொங்க வேண்டும். கசிப்புக்காரனைப் பிடிக்கக் காட்டும் அக்கறையை, நேர்வழியில் உழைக்க வருபவருக்கு வழிகாட்டுவதிலும் காட்ட வேண்டும்.

விதைநெல்லைப் போல

இவ்வளவும் எழுதுவதன் நோக்கம் கடை ஈஸ்ற்றைப் பழிப்பதல்ல. அது தூய்மையானது, வேகமானது. வெதுப்பகத்துக்கு அது வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வரும் எதிலும் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய், பசளை, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றுக்கும் நாம் என்ன பாடுபட்டோம் என்பதை மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது, தடை எதுவும் இல்லாமலே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாடு முழுவதும் வரிசையில் நின்றது. கோதுமை மாவின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அரிசிமாவும் குரக்கன் மாவும் வைத்திருந்த வீடு அந்த நாட்களில் ஓரளவு தலைநிமிர்ந்து நின்றது.

விதைநெல்லைச் சேமித்து வைக்கும் விவசாயி அடுத்த போகத்துக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. புளித்த மாவும் அத்தகையதே. ஒருமுறை பிடித்துவிட்டால், ஊட்டும் வரைக்கும் அது முடியாது. கொடுத்தால் குறையாது. இரண்டு வீட்டில் இருந்தால் ஒரு வீட்டில் கெட்டாலும் மற்ற வீட்டில் வாங்கலாம். உதவிப் பொதிகளுக்குப் பழகிப்போன எமது கைகளுக்கு இத்தகைய சிறிய சுயதேவைப் பூர்த்திகள் மறுபடியும் பழக வேண்டும். நிவாரணம் ஒருநாள் நின்றுபோகும். நின்றும் போயிற்று.

ஆகவே சில யோசனைகளை முன்வைக்கிறோம். ஒவ்வொரு மாதர் சங்கமும் ஒரு பானை புளித்த மாவை முறைவைத்துப் பேணட்டும். கூட்டத்துக்கு வருபவர்கள் சிரட்டையோடு வந்து வாங்கிச் செல்லட்டும். அப்பம் சுட்டு விற்கும் பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து அரிசியை ஒன்றாக இடிப்பித்தால் செலவு குறையும். கள்ளு இறக்கிய மூத்தவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, முட்டியில் நடப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வைப்போம். விஞ்ஞான ஆசிரியர் அதே பாடத்தை நுணுக்குக்காட்டியில் காட்டட்டும். அவர்களுக்கு அந்த அழைப்பு நீண்ட நாட்களாக நிலுவையில் உள்ள மரியாதை. மழைக்கு முன்னர் வேலியோரம் பனம்விதை ஊன்றுவோம். அதன் பாளையை நாம் காணாவிட்டாலும் பேரப்பிள்ளைகள் காண்பார்கள்.

காணி விடுவிப்புக்கும் நட்டஈட்டுக்கும் நாம் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலை இந்தச் சிறு வேலைகள் ஒருபோதும் ஈடு செய்யமாட்டா. ஆனால் அந்த முடிவு வரும்வரை அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகள் காலையில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போக வேண்டும். இன்றிரவே ஒரு பிடி குரக்கன் மாவைக் கரைத்து, துணியால் கட்டி, அடுக்களை மூலையில் வையுங்கள். பத்து நாட்களின் பின்னர் அயல்வீட்டுக்கும் ஒரு சிரட்டை கொடுங்கள்.